பறிமுதலான நாணயத்துக்கு எந்த நாளின் விலை?

2021 நவம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெய்ன்ஸ்வில் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் வரித்துறையின் குற்றப் புலனாய்வு அதிகாரிகள் நுழைந்தார்கள். தரைக்கு அடியில் பதிக்கப்பட்ட பெட்டகம் ஒன்று அகப்பட்டது. குளியலறை அலமாரியில், போர்வைகளுக்குக் கீழே, பாப்கார்ன் டின் ஒன்றும் இருந்தது. டின்னுக்குள் ஒற்றைப் பலகையாலான சிறு கணினி. அந்தச் சோதனையில் அரசின் கைக்கு வந்தவை 50,676 பிட்காயின்கள். அன்றைய விலைக்கு 336 கோடி டாலர்.

அந்த நாணயங்களின் கதை 2012 செப்டம்பரில் தொடங்குகிறது. போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன 'சில்க் ரோடு' என்ற இருண்ட வலைச் சந்தையின் மென்பொருளில் ஒரு கோளாறு இருந்தது. அந்த வீட்டு இளைஞர் அங்கே கணக்குத் தொடங்கி 500 பிட்காயின் போட்டார். ஐந்து விநாடிக்குள், 500 வீதம் ஐந்து முறை எடுத்தார். ஐந்தும் ஒரே விநாடியில் நடந்தன. இப்படி ஒன்பது கணக்குகள் வழியாகச் சுமார் 50,000 நாணயங்கள் வெளியேறின. அப்போது ஒரு பிட்காயின் ஏறத்தாழ 12 டாலர். மொத்தத் திருட்டு 6 லட்சம் டாலர் அளவுக்குத்தான் பெறும். ஒன்பது ஆண்டு கழித்துப் பிடிபட்டபோது 336 கோடி. பறிமுதல் செய்தியை அரசு வெளியே சொன்ன 2022 நவம்பர் 7 அன்று அது 105 கோடி டாலருக்கு அருகில் இறங்கிவிட்டது. நாணயங்களின் எண்ணிக்கை மாறவில்லை. அரசின் பாதுகாப்பில் இருந்த ஒரே ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு கரைந்துவிட்டது.

வீட்டையோ நகையையோ பறிமுதல் செய்தாலும் மதிப்பு மாறத்தான் செய்யும். ஆனால் ஒன்பது ஆண்டில் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறுவதும் ஓராண்டில் மூன்றில் ஒன்றாகச் சுருங்குவதும் அவற்றில் நடப்பதில்லை. இதைக் கைப்பற்றும் தொழில்நுட்பம் வியப்பானது. கைப்பற்றிய பிறகு எழும் கேள்வி அதைவிடக் கடினமானது: எந்த நாளின் விலையை உண்மையான விலை என்று கொள்வது? ஏமாந்தவருக்கு எவ்வளவு திரும்பும் என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்கிறது. அதனால்தான் இதைக் கணக்குப் பிள்ளையின் வேலை என்று ஒதுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் போலீஸ் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம்.

பிட்காயின் ஒரு கோப்பாக எந்தக் கணினியிலும் உட்கார்ந்திருப்பதில்லை. உலகமெங்கும் பல்லாயிரம் கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதிகளை வைத்திருக்கின்றன. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பேரேட்டைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். ஒரு முகவரியில் உள்ள தொகையை நகர்த்த, அதற்குரிய ரகசியச் சாவி வேண்டும். சாவி என்பது ஓர் எண், வேறொன்றுமில்லை. 256 பிட் நீளமுள்ள அந்த எண்ணை நாம் எழுதும் முறையில் எழுதினால் 78 இலக்கம் வரை போகும். அதிலிருந்து நீள்வட்ட வளைவுக் கணிதத்தின் வழியே பொதுச் சாவி பிறக்கிறது. பொதுச் சாவியிலிருந்து முகவரி பிறக்கிறது. முன்னோக்கிப் போவது கணினிக்கு ஒரு நொடி வேலை. முகவரியிலிருந்து ரகசிய எண்ணுக்குத் திரும்பிப் போக, இன்றைய கணினிகளால் இயலும் வழி எதுவும் இல்லை. ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்கலாமே என்றால், பிரபஞ்சத்தின் வயதும் அதற்குப் போதாது.

இந்த எண்ணை 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுத்த 24 சொற்களாகவும் சேமித்து வைக்கலாம். அவற்றை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்தவர் வெறுங்கையோடு எந்த நாட்டு எல்லையையும் கடந்துபோகலாம். சுங்கச் சோதனையில் அகப்பட அவரிடம் ஒன்றும் இருக்காது. மனிதர்கள் செல்வத்தைச் சேர்க்கத் தொடங்கிய காலம் முதல் இப்படி ஒன்று இருந்ததில்லை. தங்கத்துக்கு எடை உண்டு, நிலம் நகராது, வங்கிக் கணக்கை முடக்க ஒரு கடிதம் போதும்.

அதனால் பறிமுதல் என்ற சொல்லின் பொருளே இங்கே மாறிவிடுகிறது. கணினியைக் கைப்பற்றினால் போதாது. ரகசியச் சாவியைக் கண்டுபிடித்தாலும் போதாது. அதன் நகல் கூட்டாளி ஒருவரிடம் இருந்தால், காவல் நிலையத்தில் பஞ்சநாமா எழுதி முடிப்பதற்குள் அவர் நாணயங்களை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார். எனவே சாவி கிடைத்ததும் அரசே ஒரு பரிவர்த்தனை செய்து, தன் வசமுள்ள புதிய முகவரிக்கு நாணயங்களை மாற்ற வேண்டும். அந்தப் பரிவர்த்தனை பேரேட்டில் ஏறிய பிறகுதான் பறிமுதல் நிறைவேறுகிறது.

இதன் முதல் பெரிய பாடம் 2013 அக்டோபர் 1 அன்று சான்பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் கிளை நூலகத்தில் நடந்தது. சில்க் ரோட்டை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் அங்கே மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். மூடியைச் சாத்தினால் கணினி பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பதெல்லாம் மறையாக்கத்துக்குள் போய்விடும். ஆகவே எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் சண்டையிடும் காதலர்களாக நடித்தார்கள். சத்தம் கேட்டு அவர் திரும்பிய கணத்தில் இன்னொருவர் கணினியைத் திறந்த நிலையிலேயே இழுத்துக்கொண்டார். அதிலிருந்து கிடைத்தவை 1,44,336 பிட்காயின்கள். மறையாக்கத்தை உடைக்க முடியாத அரசு, மனிதனின் கவனத்தை ஒரு நொடி உடைத்தது. பின்னாளில் நடந்த பெரிய பறிமுதல்கள் பலவற்றிலும் வென்றது கணிதத்தின் பலவீனம் இல்லை, மனிதர்களின் பலவீனமே.

2016 ஆகஸ்டில், பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் பிட்ஃபினெக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து 1,19,754 பிட்காயின்கள் களவு போயின. பின்வந்த ஆண்டுகளில் அவற்றில் ஒரு பகுதியைப் பல முகவரிகள் வழியே துண்டு துண்டாகச் சுற்றவிட்டார்கள். ஆனால் பேரேடு பொதுவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு நகர்வும் என்றென்றைக்கும் அதில் நிற்கிறது. ஒரே பரிவர்த்தனையில் பல முகவரிகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் அவை ஒருவரிடமே இருக்க வாய்ப்பு அதிகம் என்பன போன்ற விதிகளைக்கொண்டு முகவரிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்ப்பார்கள். அந்தக் கொத்துகளில் ஏதாவது ஒன்று, அடையாளச் சான்று கேட்கும் ஒரு பரிமாற்றகத்தைத் தொடும்போது பெயர் வெளிப்பட்டுவிடும். 2022இல் மேகச் சேமிப்பகத்தில் குற்றவாளி வைத்திருந்த ஒரு கோப்பை அதிகாரிகள் திறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட முகவரிகளும் அவற்றின் சாவிகளும் வரிசையாக அதில் இருந்தன. 94,000க்கு மேற்பட்ட நாணயங்கள் மீண்டன.

கணிதமே காலை வாரிய இடமும் உண்டு. கணினிகளால் புதிய பிட்காயின்களை ஈட்டும் லூபியான் என்ற சீனச் 'சுரங்க'க் குழுமம் தன் ரகசிய எண்களை உருவாக்கப் பயன்படுத்திய முறையில் தற்செயல் போதவில்லை. 256 பிட் இருக்க வேண்டிய இடத்தில் உண்மையான தற்செயல் 32 பிட் அளவே இருந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 32 பிட் என்றால் சுமார் 430 கோடி வாய்ப்புகள். சாதாரணக் கணினி சில மணி நேரங்களில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். 2020 டிசம்பரில் அந்த முகவரிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிட்காயின்கள் வெளியேறின. பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சாவியைத் தேர்ந்தெடுக்கும் முறை ஊகிக்கத் தக்கதாக இருந்தால் அந்தப் பூட்டே இல்லாததற்குச் சமம்.

சாவி கிடைக்காவிட்டால் நீதிமன்ற ஆணை வெறும் தாள்தான். ஜெர்மனியின் கெம்ப்டன் நகர அரசு வழக்கறிஞர்கள் ஒரு மோசடிக்காரரின் 1,700க்கும் அதிகமான பிட்காயின்களைச் சட்டப்படி கைப்பற்றினார்கள். அவர் தண்டனையை முழுவதும் அனுபவித்து வெளியே வந்தார். கடவுச்சொல்லை மட்டும் சொல்லவில்லை. அயர்லாந்தில் கஞ்சா வளர்த்த ஒருவரின் 6,000 பிட்காயின்கள் அரசுக்குச் சேரும் என்று தீர்ப்பானது. சாவிகளை அவர் ஒரு தாளில் எழுதி, தூண்டில் கம்பு வைக்கும் உறைக்குள் ஒளித்திருந்ததாகச் சொன்னார். அவர் சிறைக்குப் போனபின் வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள் உறையைக் குப்பையோடு அனுப்பிவிட்டார்களாம்.

எல்லா கிரிப்டோவும் இப்படி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெதர் போல டாலருக்கு நிகராக வெளியிடப்படும் நிலைநாணயங்களில், குறிப்பிட்ட முகவரியை முடக்கும் அதிகாரம் வெளியிடும் நிறுவனத்தின் நிரலிலேயே இருக்கிறது. போலீஸ் கேட்டுக்கொண்டால் அந்நிறுவனம் முடக்கிவிடும். பிட்காயினில் அப்படி ஆணையிட யாரும் இல்லை.

இனி விலைக்கு வருவோம். இது ஏன் இப்படித் துள்ளுகிறது?

வெங்காயம் விலை ஏறினால் விவசாயி அடுத்த பருவத்தில் கூடுதல் நிலத்தில் நடுவார். வரத்து பெருகும், விலை இறங்கும். பிட்காயினில் அந்த வழி முழுதாக அடைபட்டிருக்கிறது. ஒரு கணிதப் புதிரை விடுவித்து, பரிவர்த்தனைகளின் புதிய தொகுதி ஒன்றைப் பேரேட்டில் சேர்க்கும் கணினிக்குப் புதிய நாணயம் பரிசாகக் கிடைக்கிறது; அதைத்தான் சுரங்கம் தோண்டுவது என்கிறார்கள். விலை பத்து மடங்கானால் சுரங்கம் தோண்டும் கணினிகள் அதிகமாகும். ஆனால் 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மென்பொருள் புதிரின் கடினத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி என்ற வேகம் பெரிதாக மாறுவதில்லை. தொகுதிக்குக் கிடைக்கும் புதிய நாணயமும் 2024 ஏப்ரலில் 6.25இலிருந்து 3.125ஆகப் பாதியாக்கப்பட்டது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது. உலகத்தில் யார் எவ்வளவு கேட்டாலும் வரத்து ஒரு நாணயம்கூடக் கூடாது. வரத்து அசையாதபோது, வேண்டுவோர் மனத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் விலை ஒன்றே சுமக்க வேண்டியிருக்கிறது. விலையைத் தாங்கிப் பிடிக்க ஈவுத்தொகையோ வாடகையோ விளைச்சலோ பிட்காயினுக்குக் கிடையாது. நாளைக்கு இன்னொருவர் என்ன தருவார் என்ற நம்பிக்கையே அதன் முழு ஆதாரம்.

விலை எங்கே தீர்மானமாகிறது என்பதும் முக்கியம். புழக்கத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி நாணயங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் பரிமாற்றகங்களில் இந்த விலைக்கு வாங்கத் தயார் என்று எழுதி வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. பெரிய விற்பனை ஒன்று வந்தால் அது முதல் வரிசையில் உள்ளவர்களைத் தின்று தீர்த்துவிட்டு, குறைந்த விலை சொன்ன அடுத்த வரிசைக்கு இறங்கும். அந்தக் கடைசி விற்பனையின் விலையே உலகிலுள்ள அத்தனை பிட்காயினுக்கும் விலையாகத் திரையில் ஒளிரும்.

இதற்கு மேல் கடன். பத்து ரூபாய் முதலுக்கு நூறு ரூபாய்க்குப் பந்தயம் கட்டும் வசதியைப் பரிமாற்றகங்கள் தருகின்றன. விலை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் அப்படிப்பட்டவரின் முதல் கரைந்துவிடும். பரிமாற்றகத்தின் மென்பொருள் அவரைக் கேட்காமலே விற்றுவிடும். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், அடுத்த கடன்காரர் வீழ்வார், அவருடையதும் விற்கப்படும். 2025 அக்டோபர் முதல் வாரத்தில் பிட்காயின் 1,26,000 டாலரைத் தொட்டது. அக்டோபர் 10 அன்று, சீனப் பொருட்களுக்குப் புதிய வரி என்று அமெரிக்க அதிபர் அறிவித்ததும் சரிவு தொடங்கியது. ஏறக்குறைய 24 மணி நேரத்தில் 1,900 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் பந்தயங்கள் வலுக்கட்டாயமாக மூடப்பட்டன. நம் பங்குச் சந்தையில் குறியீடு 10 சதவீதம் ஆடினால் வர்த்தகத்தை நிறுத்தி வைக்கும் விதி உண்டு. கிரிப்டோ சந்தை இரவு பகல், ஞாயிறு திங்கள் பார்க்காமல் ஓடுகிறது. மூச்சுவிடச் சொல்லும் மணி அங்கே இல்லை.

இப்படிப்பட்ட சந்தையில் ஓர் அரசு விற்பனைக்கு வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை 2024 கோடையில் ஜெர்மனி காட்டியது. திருட்டுத் திரைப்படங்களைக் காட்டிவந்த 'மூவி2கே' இணையதளத்தின் வழக்கில், அந்த ஆண்டு ஜனவரியில் சந்தேக நபர் ஒருவர் சாக்சனி மாநிலக் காவல்துறைக்கு ஏறத்தாழ 50,000 பிட்காயின்களைத் தாமாகவே மாற்றித் தந்தார். ஜெர்மானியச் சட்டத்தில் அவசர விற்பனை என்று ஒரு வழி இருக்கிறது. கைப்பற்றிய பொருளின் மதிப்பு சுமார் 10 சதவீதமோ அதற்கு மேலோ விழக்கூடும் என்றால், வழக்கு முடியும்வரை காத்திராமல் விற்றாக வேண்டும். பழங்களுக்கும் கால்நடைக்கும் வாகனங்களுக்கும் பொருந்தும் நியாயமான விதி. பிட்காயினில் 10 சதவீதம் என்பது சில வேளைகளில் ஒரு பகலின் ஆட்டம். ஆகவே விற்றே தீர வேண்டியதாயிற்று.

ஜூன் 19 முதல் ஜூலை 12 வரை 49,858 நாணயங்களைச் சிறுசிறு தொகுதிகளாக விற்றார்கள். மொத்தப் புழக்கத்தில் அது கால் சதவீதம்தான். இருந்தும் சந்தை நடுங்கியது, ஏனென்றால் காவல்துறையின் முகவரி எது என்று உலகுக்கே தெரிந்திருந்தது. ஒவ்வொரு காலையும் அந்த முகவரியிலிருந்து எத்தனை நாணயம் எந்தப் பரிமாற்றகத்துக்குப் போகிறது என்பதை லட்சக்கணக்கானோர் பேரேட்டில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசையில் நிற்பவன் இன்னும் எவ்வளவு வைத்திருக்கிறான் என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த சந்தை வேறெங்கும் இல்லை. விற்பனை வருமுன்பே மற்றவர்கள் விற்றார்கள். 2014இல் திவாலான ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம் தன் கடனீந்தோருக்கு நாணயங்களைத் திருப்பித் தரத் தொடங்கியதும் இதே நாட்களில்தான். ஜூலை 5 அன்று விலை 54,000 டாலருக்குக் கீழே போனது.

சாக்சனிக்குக் கிடைத்தது சுமார் 264 கோடி யூரோ. அதாவது நாணயத்துக்கு ஏறத்தாழ 53,000 யூரோ. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 5 அன்று பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஜெர்மனி அவசரப்பட்டு ஏமாந்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வழக்கு முடியாத சொத்தைக் காவலில் வைத்திருக்கும் அதிகாரி, விலை ஏறும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. அவர் காவலாளி, முதலீட்டாளர் ஆகும் உரிமை அவருக்கு இல்லை. விலை பாதியாகியிருந்தால் அதே ஆட்கள் அவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவும் உல்பிரிக்டின் 1,44,336 நாணயங்களை 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஏலத்தில் விற்றது. மொத்தம் கிடைத்தது 4.82 கோடி டாலர். சராசரி 334 டாலர். அன்றைக்கு அது நேர்மையான விலையே.

எனினும் அரசின் லாப நட்டத்தைவிட என்னை உறுத்துவது பறிகொடுத்தவர்களின் கணக்கு.

2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் குழாய்வழி நிறுவனத்தை இணையக் கொள்ளையர் முடக்கினார்கள். நிறுவனம் 75 பிட்காயின் மீட்புத்தொகை கொடுத்தது. அன்றைய மதிப்பு சுமார் 44 லட்சம் டாலர். ஒரு மாதத்தில் எஃப்.பி.ஐ. 63.7 நாணயங்களை மீட்டுவிட்டது. நாணயக் கணக்கில் 85 சதவீத வெற்றி. பணக் கணக்கில் 23 லட்சம் டாலர், பாதியை ஒட்டித்தான். இடையில் விலை விழுந்துவிட்டது. இழப்பை எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதே வெற்றியின் அளவை மாற்றிவிடுகிறது.

மவுண்ட் காக்ஸ் கதை இதற்கு நேர்மாறு. 2014 பிப்ரவரியில் அது விழுந்தபோது சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணவில்லை என்றார்கள். பிறகு ஏறத்தாழ 2 லட்சம் கண்டெடுக்கப்பட்டன. ஜப்பானிய திவால் சட்டப்படி கடனீந்தோரின் உரிமை அன்றைய விலையில் யென்னாக மாற்றப்பட்டது: ஒரு பிட்காயினுக்கு சுமார் 50,058 யென். ஆண்டுகள் போகப் போக, மீதமிருந்த நாணயங்களின் விலை அந்த உரிமை முழுவதையும் தீர்த்த பிறகும் பெரும் உபரி மிஞ்சும் அளவுக்கு ஏறியது. அந்த உபரி, சட்டப்படி, விழுந்த நிறுவனத்தின் பங்குதாரர்களுக்குப் போக வேண்டும்! கடனீந்தோர் போராடினார்கள். 2018 ஜூனில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் திவால் முறையிலிருந்து மறுசீரமைப்பு முறைக்கு மாற்றியது. நாணயமாகவே திருப்பித் தர வழி பிறந்தது. மக்கள் கேட்டதால் தேதி மாறியது. கேட்டதற்குப் பயனும் இருந்தது.

எஃப்.டி.எக்ஸ். என்ற பரிமாற்றகத்தின் வாடிக்கையாளர்களுக்கு அது வாய்க்கவில்லை. 2022 நவம்பர் 11 அன்று திவால் மனு போடப்பட்ட நாளின் விலையே அவர்களுக்கு நிர்ணயமானது. பிட்காயினுக்கு ஏறத்தாழ 16,870 டாலர். பலருக்கு அந்தத் தொகை வட்டியோடு கிடைத்தது. நூற்றுக்கு நூறுக்கும் மேல் திருப்பித் தந்தோம் என்று சொல்லப்பட்டது. 2025இல் பணம் கைக்கு வந்தபோது ஒரு பிட்காயின் 95,000 டாலரை ஒட்டி இருந்தது. ஒரு நாணயம் வைத்திருந்தவரால் அந்தத் தொகையில் கால் நாணயம்கூட வாங்க முடியாது. சட்டத்தின் கணக்கு முழுமை. வாடிக்கையாளரின் கணக்கு பெருநட்டம். பிட்ஃபினெக்ஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் 2025 ஜனவரியில் வேறு பாதையில் போய், மீட்ட நாணயங்களை நாணயமாகவே பரிமாற்றகத்துக்குத் திருப்பித் தரச் சொன்னது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு இருக்கிறது.

இந்தக் கேள்வி மிகப் பெரிய உருவில் லண்டனில் நிற்கிறது. 2014 முதல் 2017 வரை சீனாவில் 1,28,000 பேரை ஏமாற்றிய பெண் ஒருவர் பணத்தைப் பிட்காயினாக்கிக்கொண்டு பிரிட்டனுக்கு ஓடினார். 2018இல் லண்டன் பெருநகரக் காவல்துறை 61,000 பிட்காயின்களைக் கைப்பற்றியது. 2025 நவம்பரில் அவருக்கு 11 ஆண்டு 8 மாதச் சிறை. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயது தாண்டியவர்கள், ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்கள். அவர்களின் பணம்தான் நாணயமாக வளர்ந்தது. போட்ட தொகை மட்டும் அவர்களுக்கு, வளர்ந்த தொகை பிரிட்டிஷ் கருவூலத்துக்கு என்று முடிவானால் அதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியாது. திருடிய பசு கன்று போட்டால் கன்று பசுவின் உரிமையாளருக்கே உரியது.

அமெரிக்கா இதற்குள் இன்னொரு திசையில் நடக்கத் தொடங்கிவிட்டது. 2025 மார்ச் 6 அன்று அதிபர் ட்ரம்ப் பிறப்பித்த ஆணை, பறிமுதலான பிட்காயின்களைக்கொண்டு தேசியக் கையிருப்பு ஒன்றை உருவாக்கி, அவற்றை விற்கக்கூடாது என்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர விலக்கு உண்டு என்றாலும், பறிமுதலால் லாபம் காணும் நிலையில் அரசு வந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் புரூக்ளின் வழக்கறிஞர்கள் 1,27,271 பிட்காயின்களைப் பறிமுதல் செய்ய மனுப் போட்டார்கள். மதிப்பு சுமார் 1,500 கோடி டாலர். அமெரிக்க நீதித்துறை வரலாற்றில் இதுவே மிகப் பெரிய பறிமுதல் நடவடிக்கை. கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் மீது வழக்கு. அடைத்து வைக்கப்பட்ட மனிதர்களை அடித்து இணைய மோசடி செய்ய வைத்த முகாம்கள் அதன் பின்னணி. கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் வேலை என்று நம்பிப் போய் இப்படிப்பட்ட முகாம்களில் சிக்கித் திரும்பிய தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நாணயங்களுக்குப் பின்னால் பணம் இழந்தவர்களோடு அடி வாங்கியவர்களும் உண்டு; பங்கு பிரிக்கும்போது அவர்களை யார் நினைப்பார்கள்?

இந்தியாவில் 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. 2023 மார்ச் 7 முதல் இத்துறை சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2025 பிப்ரவரியில் அகமதாபாத் அமலாக்கத்துறை, பிட்கனெக்ட் மோசடி வழக்கில் 1,646 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோவைக் கைப்பற்றியது. அந்தத் திட்டம் நொறுங்கியது 2018 ஜனவரியில். ஏழாண்டு இடைவெளியில் ஏமாந்தவரின் ரூபாய் என்ன ஆகியிருக்கும், பிட்காயின் என்ன ஆகியிருக்கும் என்பதை இவ்வளவு தூரம் படித்தவர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நல்ல தொடக்கம் ஒன்று சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. வாசிர்எக்ஸ் பரிமாற்றகம் 2024 ஜூலையில் கொள்ளையடிக்கப்பட்டபோது, 3,532 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கும் முடங்கியது. கொள்ளை போனவை வேறு வகை நாணயங்கள். இழப்பை எல்லோருக்கும் பகிர்வோம் என்ற ஏற்பாட்டுக்கு எதிராக அவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொன்னார்: கிரிப்டோ தொட்டுணரும் பொருளும் அல்ல, நாணயமும் அல்ல, ஆனால் அது சொத்து. ஒருவரால் உடைமையாக வைத்துக்கொள்ளவும் அனுபவிக்கவும் முடியும், நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கவும் முடியும்.

சொத்து என்று ஒப்புக்கொண்டால் அதன் வளர்ச்சியும் சொத்துக்காரருக்கே உரியது. நம் நாடாளுமன்றம் இதைச் சட்டத்தில் எழுத வேண்டும். கைப்பற்றிய கிரிப்டோவை எத்தனை நாளுக்குள், யாருடைய ஆணையில் விற்கலாம், விற்காமல் இருந்தால் சாவி யார் பொறுப்பு, ஏமாந்தவருக்கு எந்த நாளின் விலை என்பவற்றை அதிகாரியின் விருப்பத்துக்கு விடக்கூடாது. அடையாளம் காணக்கூடிய நாணயம் நாணயமாகவே திரும்ப வேண்டும். விற்றிருந்தால், விற்ற தொகை முழுவதும், உபரி உட்பட, இழந்தவர்களுக்குப் போன பிறகே அரசு கை நீட்ட வேண்டும். இழந்தவர்களும் ஒன்று செய்ய வேண்டும். மோசடி என்று தெரிந்த அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பிய முகவரியையும் பரிவர்த்தனை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். அந்த இரண்டும் இருந்தால், எத்தனை ஆண்டு கழித்தும் பேரேட்டில் உங்கள் பணத்தின் தடத்தைப் பிடிக்க முடியும்.